மூன்றாவது ஆள்

இடஒதுக்கீடு கேட்டு, சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த சமயம் அது. அரிசி ஆலை முதலாளி தனசேகரன் பயந்துபோய் ஒரு சட்டம் போட்டார். வேலை முடிந்தபின் டீக்கடையோ கோயிலோ, ஆலையாட்கள் மூன்று பேர் சேர்ந்து நின்றால் மறுநாள் வேலை கிடையாது.

ஞாயிறு காலை மகனின் நிச்சயதார்த்தத்துக்காகத் திருக்கோவிலூருக்குக் காரில் கிளம்பினார். கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே புளியமரம் கிடந்தது. அவருடைய ஆலையில் மூட்டை தூக்கும் இருசப்பனும் தமிழழகனும் ஓரமாகக் குந்தியிருந்தார்கள்.

"இன்னாடா பாத்துக்கினு இருக்கீங்க? முகூர்த்தம் போவுது, தூக்குங்கடா."

"ரெண்டு பேரால ஆவாதுங்க மொதலாளி" என்றான் இருசப்பன்.

"ஆளுங்களக் கூப்புடு."

"மூணாவது ஆள் வந்தா எங்க வேலை பூடுமேங்க."

தனசேகரன் பல்லைக் கடித்தார். "அந்தச் சட்டம் இன்னியோட ஒழிஞ்சிது. எத்தினி பேர் வேணா சேருங்க. மாரியாத்தா மேல சத்தியம்."

இருசப்பன் விசிலடித்தான். கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து மொத்த ஆலையும் வெளியே வந்தது. மரம் நொடியில் ஓரத்துக்குப் போனது.

காரில் ஏறும்போதுதான் தனசேகரனுக்கு உறைத்தது. "லீவு நாள்ல அத்தினி பேரும் இங்க இன்னாடா பண்றீங்க?"

தமிழழகன் தோளில் ஒட்டியிருந்த மரப்பட்டையைத் தட்டிவிட்டான்.

"இம்மாம் பெரிய மரத்த ரெண்டு பேரே கொணாந்து போட முடியுங்களா, மொதலாளி?"