நல்ல நோயாளி

ரத்தினம்மாள் தட்டைத் தள்ளிய வேகத்தில் குழம்பு மேசையைத் தாண்டிப் போய் அவள் கணவர் சிவநாதனின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"இது குழம்பா? புளியைக் கரைச்சு ஊத்தினீங்களா, இல்ல தூரத்துல நின்னு பானைக்குக் காட்டினீங்களா?"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. பர்மாவில், லான்மடாப் பகுதியில் இருந்த அந்தச் சிறிய மனநல மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டு வேளையில் தட்டில் கரண்டி உரசும் சத்தத்துக்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

அவள் எழுந்து நின்றுகொண்டாள். குழம்பில் தொடங்கி, அவர் வெங்காயம் அரிந்த லட்சணத்துக்கு வந்து, அங்கிருந்து அவருடைய சட்டைக் காலருக்குத் தாவி, கல்யாணத்தன்று அவருடைய அண்ணன் பந்தியில் மறுபடி மறுபடி பாயசம் கேட்டதில் போய் நின்றாள். கை ஒரு பக்கம் போயிற்று, கொண்டை ஒரு பக்கம் அவிழ்ந்தது.

சிவநாதன் திறந்த வாய் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டு உதவியாளர் மா சோ ஓடி வந்தாள்.

மா சோவுக்கு ரத்தினம்மாளை மிகவும் பிடிக்கும். கூப்பிட்டால் வருவாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், படு என்றால் படுத்துக்கொள்வாள். இவ்வளவு நல்ல கலாமாவைப் பார்த்ததே இல்லை என்று மற்ற உதவியாளர்களிடம் சொல்லியிருக்கிறாள். கறுத்த இந்தியப் பெண்ணுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். மா சோ அதை அன்பாகத்தான் சொன்னாள். சந்தையில் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு.

"தள்ளி நில்லுங்க, ஊ சிவநாதன்! கடிச்சிடப் போறாங்க!" என்று, 'ஊ' என்ற பர்மிய மரியாதையை விடாமலே அவரைப் பிடித்து இழுத்துவிட்டு, ஊசி கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள்.

ஊசி போட்டால் என்ன நடக்கும் என்று சிவநாதன் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் தூக்கம். அப்புறம் கம்பிக் கதவு போட்ட பின்னறை. அதற்குள் போனவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனதில்லை.

தன் தங்கை இறந்த மாதம் ரத்தினம்மாள் வாயை மூடிக்கொண்டாள். முதலில் கூட்டிப்போன இடத்தில் மருத்துவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அழவில்லை, கத்தவில்லை, கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அனுப்பிவிட்டார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணை மிங்கலாடோனில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போவது போல இருந்தது சிவநாதனுக்கு.

இங்கே, எல்லோரும் ஸயாமா என்று கூப்பிடும் டாக்டரம்மா டோ மியா வேறு மாதிரி ஆரம்பித்தார். இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நன்றாக இருந்தபோது எப்படி இருப்பாள் என்று கேட்டார். சிவநாதன் சொல்லச் சொல்ல டாக்டர் சிரித்துவிட்டார். கடைசியில் மாத்திரைகளோடு இன்னொரு வேலையும் சொன்னார். சிவநாதன் விழித்தார். ஆனாலும் செய்தார்.

அதுமுதல் அடுப்படிப் பக்கமே போகாத மனிதர் தினமும் சமைத்தார். அடுக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கூட்ட நெரிசலில் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். எதைக் கொண்டுவந்தாலும் ரத்தினம்மாள் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். காலித் தட்டைப் பார்த்து மா சோ கைதட்டுவாள். சிவநாதனின் முகம் வாடிவிடும்.

டோ மியா வந்தபோது ஊசி தயாராக இருந்தது.

அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நோயாளியை அல்ல, கணவரைப் பார்த்தார். சிவநாதனின் கன்னமெல்லாம் ஈரம். வாயெல்லாம் சிரிப்பு.

"வீட்டுல இப்படித்தான் இருப்பாங்களா, ஊ சிவநாதன்?"

"இல்லைங்க ஸயாமா. வீட்டுல இதுக்கும் மேல. தெருமுனை டீக்கடையில உக்காந்திருந்தாலே எனக்குக் கேக்கும்."

"ஊசியை எடுத்துட்டுப் போ, மா சோ. இது நோய் இல்லை. இவங்க இப்படித்தான்."

மா சோ அசையவில்லை. அதற்குள் ரத்தினம்மாள் அவள் பக்கம் திரும்பிவிட்டாள். இப்போது பர்மிய மொழியில்.

"நீயாவது ஒரு வார்த்தை சொன்னியாடி? இத்தனை நாளா இந்தக் கண்றாவியையா எனக்குத் தின்னக் கொடுத்தே?"

ஜன்னலோரக் கட்டிலில் எப்போதும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் கிழவி முதலில் சிரித்தாள். பிறகு வார்டே சிரித்தது. மா சோ ஊசித் தட்டால் வாயை மறைத்துக்கொண்டாள். ரத்தினம்மாள் கொண்டையைத் தட்டி முடிந்துகொண்டு, சிரிக்க என்ன இருக்கிறது என்று அதற்கும் திட்டினாள்.

டோ மியா சிவநாதனை வாசல் பக்கம் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னதைப் பிடிவாதமாச் செஞ்சீங்க. உப்பில்லாம, புளியில்லாம சமைச்சு, ஒவ்வொரு நாளும். என்னிக்குச் சண்டைக்கு வர்றாங்களோ அன்னிக்குத் திரும்பி வந்துட்டாங்கன்னு சொன்னேன் இல்லையா?"

சிவநாதன் சட்டையில் இருந்த கறையைக் கையால் மூடிக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க, ஸயாமா. இன்னிக்கு எங்க கல்யாண நாள். மனசு கேக்கல. உப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் போட்டு ஒழுங்காத்தான் வச்சேன்."

டோ மியா அடுக்குப் பாத்திரத்தில் மிச்சமிருந்ததில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

பிறகு மா சோவிடம் தண்ணீர் கேட்டார்.