ரேஷன் அரிசிக் கல்

"கல் இருக்கு சார்," என்றார் டாக்டர் தியோடர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

சீனிவாசராகவனுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆஸ்பத்திரி அங்கி முதுகுப் பக்கம் திறந்து கிடந்ததால் அடக்கிக்கொண்டார்.

"நன்னாத் தெரியறதா டாக்டர்?"

"பளிச்சுனு தெரியுது. இடது கிட்னி. நீங்களே பாருங்க."

விளக்குப் பெட்டியில் ஈரம் சொட்டத் தொங்கிய எக்ஸ்ரே படத்தில், விலா எலும்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு பொட்டு. மல்லேஸ்வரத்துப் பெருமாளின் திருமண்ணில்கூட அப்படியொரு வெண்மையை அவர் கண்டதில்லை.

எல்லாம் ராய்ச்சூரால் வந்தது. மைசூர் ராஜ்யம் பெரிதானதிலிருந்து ஆபீஸில் மாற்றல் வந்தால் யார் தலையில் எந்த ஊர் விழும் என்று சொல்ல முடியவில்லை. இவர் தலையில் விழுந்தது ராய்ச்சூர். அந்த ஊர் வெயிலில் காக்கைகள் பறப்பதே கிடையாதாம். நிழல் பார்த்து நடந்தேதான் போகுமாம்.

"எனக்குச் சிறுநீரகத்தில் கல். அந்த வெயிலில் அது மலையாக வளர்ந்துவிடும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று முதல் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நடிப்பு அத்தனை தத்ரூபம். யாரும் பார்க்காத வேளையில்கூட வலித்தது! தம் திறமையைக் கண்டு தாமே அசந்துபோனார்.

மேலதிகாரி கௌடா மட்டும் அசையவில்லை.

"ஏன்ரீ ஐயங்கார்ரே, சர்டிபிகேட் எல்லா பேட. எக்ஸ்ரே தோர்சி!" என்று, சர்டிபிகேட் வேண்டாம், எக்ஸ்ரே படத்தையே காட்டு என்பதைக் கன்னடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். படத்தைக் காட்டினால் மாற்றல் ரத்து. இல்லாவிட்டால் திங்கட்கிழமை ரயில்.

இல்லாத கல்லைப் படத்தில் எப்படிக் காட்டுவது? சட்டைப் பொத்தான்கூட எக்ஸ்ரேயில் விழும் என்று எவரோ சொன்னது ஞாபகம் வந்தது. மனைவி அனந்தலக்ஷ்மி ரேஷன் அரிசியிலிருந்து பொறுக்கி ஒதுக்கிய கற்களில், பட்டாணி அளவில் லட்சணமாக ஒன்றை எடுத்து அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தார். ரேஷன் அரிசியில் கல்லுக்கா பஞ்சம்? அந்த வாரம் கல்லிலிருந்துதான் அரிசியைப் பொறுக்க வேண்டியிருந்தது.

படமெடுக்கும் நாள் சனிக்கிழமையாக வாய்த்தது. முதல் நாளே விளக்கெண்ணெய் குடிக்க வேண்டும், காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். வீட்டுச் சட்டம் வேறு.

"கிட்னியாவது கத்திரிக்காயாவது! சனிக்கிழமையும் அதுவுமா எண்ணெய் தேச்சுக்காம வாசப்படி தாண்டப்படாது," என்று அனந்தலக்ஷ்மி மணை போட்டு உட்கார்த்திவிட்டாள்.

உள்ளே விளக்கெண்ணெய், வெளியே நல்லெண்ணெய். அரைப்படி சீயக்காய்க்கும் மசியாமல் முதுகு பளபளத்தது. அந்த முதுகில், கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஜட்கா ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கை நரம்பில் சாய மருந்தை ஏற்றினார். "மூச்ச இஸ்துப் புடி சார்... ஆடாத... இப்ப வுடு!" என்று எக்ஸ்ரே எடுக்கும் டொமினிக் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் படங்களை எடுத்துத் தள்ளினான். முதுகில் ஒட்டியிருந்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் பெருமாள் கிருபை!

"வலது பக்கம் மருந்து ஜோரா எறங்கியிருக்கு," என்று டாக்டர் இப்போது படத்தில் விரல் வைத்தார். "இடது பக்கம் பாருங்க, கல்லச் சுத்தித் தேங்கி நிக்குது. தாண்ட முடியல."

அடடா, அந்த மருந்துக்குத்தான் என்ன விசுவாசம்! காசு கொடுத்துக் கூட்டி வந்த சாட்சிகூட இப்படி ஒத்துழைக்க மாட்டான்.

"திங்கக்கெழம அட்மிட் ஆயிடுங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"ஆகட்டும் டாக்டர், பேஷா ஆகட்டும்!"

ஆபரேஷனாம் ஆபரேஷன்! தானாகக் கரைந்துவிட்டது என்று ஒரு கார்டு போட்டால் தீர்ந்தது.

கௌடா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அய்யோ பாப!" என்று பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டி, நின்ற நிலையிலேயே மாற்றலை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்.

ஒரு கையில் மைசூர்பாகு, மறு கையில் மல்லிகைப் பூ, கக்கத்தில் எக்ஸ்ரே. சீனிவாசராகவன் வீட்டுக்குள் நுழைந்ததை நடை என்று சொல்ல முடியாது. பரதநாட்டியத்தில் பாதியாவது தேறும்.

"அனந்து! ராய்ச்சூர் ரத்து! எல்லாம் உன் ரேஷன் அரிசிக் கல்லோட மகிமைடி!"

"என்ன உளர்றேள்?"

"முதுகுல ஒட்டிண்டு போனேன். படத்துல வைரமா ஜொலிச்சுது. டாக்டரே ஏமாந்துட்டார்!" சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். "மெள்ள உரிச்சு எடு. பெருமாள் பக்கத்துல வெச்சுப் பூஜை பண்ணணும்."

அனந்தலக்ஷ்மி அந்த முதுகை மேலும் கீழுமாகத் தடவினாள். ஜன்னல் விளிம்பிலிருந்து எண்ணெயில் ஊறிச் சுருண்ட பிளாஸ்திரி ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுவில் பட்டாணி அளவில் ஒரு கல்.

"ஏன்னா, இது நீங்க ஜட்கா ஏறறச்சயே வாசல்ல விழுந்துடுத்தே!"