வந்து சேர்ந்த நேரம்

"அப்போ நான் வழியில வண்டிய ஓரங்கட்டிட்டு டீ குடிச்சேன்னு எழுதிக்கோங்க சிஸ்டர்."

"டீ குடிச்சீங்களோ தூங்குனீங்களோ, எனக்கென்ன தெரியும்? பேஷண்ட் பெட்டுல படுத்தாத்தான் எங்க நோட்டுல வந்த மாதிரி. இன்னிக்குப் புதுசாவா பண்றேன்?"

அவசர சிகிச்சைப் பிரிவு. மேசைக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் டிரைவர், கையில் வண்டி நோட்டு. அந்தப் பக்கம் நர்ஸ், முன்னால் ஆஸ்பத்திரி நோட்டு.

இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள் ஆராய்ச்சிக்காரி. அங்கே எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வார்கள். பிரசவத்தில் செத்துப்போகிற பெண்களுக்கு எங்கே எவ்வளவு தாமதமானது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

சண்டை காலையில் வந்தவளைப் பற்றியது. வீட்டிலேயே குழந்தை பிறந்து, ரத்தம் நிற்காமல் வந்தாள். மதியம் செத்துப்போனாள்.

வண்டி நோட்டில், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்த நேரம் பத்து பன்னிரண்டு. ஆஸ்பத்திரி நோட்டில், வந்து சேர்ந்த நேரம் பத்து ஐம்பத்தொன்று.

நடுவில் முப்பத்தொன்பது நிமிடம். கட்டில் காலியாகும்வரை அவள் வண்டிக்குள்ளேயே கிடந்தாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மட்டும் ஆசையாண்ணா? பத்து பன்னெண்டுன்னு போட்டா, அவ்வளவு நேரம் என்ன கிழிச்சேன்னு என்னைத்தான் கேப்பாங்க. இருக்கறதே ஆறு கட்டில்."

"என்னை மட்டும் மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா?"

பீரோவுக்குப் பின்னால் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன.

நான்கு வருடமாக அவள் ஆஸ்பத்திரி நோட்டைத்தான் நம்பினாள். இருநூற்று நாற்பது பெண்கள். வண்டி நோட்டுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறாள். நேரம் ஒத்துப்போகாத இடத்திலெல்லாம் 'டிரைவர்கள் குத்துமதிப்பாக எழுதுகிறார்கள்' என்று அடிக்குறிப்பு போட்டு, டிரைவரின் நேரத்தைத் தள்ளிவிட்டாள்.

அதனால் கணக்கு அழகாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து நாலே நிமிடத்தில் டாக்டர் பார்த்துவிடுகிறார். தாமதமெல்லாம் வீட்டில்தான். கருத்தரங்கில் படித்துக் காட்டியபோது அரங்கமே கை தட்டியது.

இன்று செத்தவளின் கணவனிடமும், அரைமணி நேரத்துக்கு முன்னால்தான், தன் படிவத்தின் பதினாலாவது கேள்வியைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். 'வீட்டிலிருந்து கிளம்ப ஏன் தாமதித்தீர்கள்?'

"தெரியலையேம்மா. செருப்பு போடக்கூட நிக்கலையே நாங்க."

அப்போதுதான் அவன் வெறுங்காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, 'காரணம் சொல்லத் தெரியவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

இப்போது எழுந்து மேசைக்கு வந்தாள். டிரைவருக்குத் தெம்பு வந்தது.

"படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க மேடம். எது சரியான நேரம்?"

"ரெண்டையும் எழுதுங்க."

"எழுதலாம். ரெண்டுக்கும் கட்டம் எங்க இருக்கு?" என்றாள் நர்ஸ். "அதுவும் டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அடிச்சுத் திருத்துனா என் வேலைக்கு வேட்டு."

நோட்டை மூடிவிட்டாள். டிரைவர் தன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆராய்ச்சிக்காரி வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் அந்தக் கணவன் அப்படியே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். போனை எடுத்து, ஏழு வருடமாகக் கூப்பிடாத ஓர் எண்ணைத் தேடினாள்.

அவளுடைய அக்காவும் பிரசவத்தில்தான் போனாள். வேறு ஆஸ்பத்திரி.

அக்கா வீட்டுக்காரர் அன்றைக்குச் சொன்னார். "சீக்கிரமாத்தான் கூட்டிட்டு வந்தேன். கேட்டுலயே நிறுத்தி வச்சுட்டாங்கம்மா."

இவள் ஓடிப்போய் ஆஸ்பத்திரி நோட்டைப் பார்த்தாள். வந்து சேர்ந்த நேரம் தாமதமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "பொய் சொல்லாதீங்க மாமா" என்றாள்.

அன்று பிறந்த பெண்குழந்தையை அவர் கையில் கொடுக்கவே இல்லை. அம்மா வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு பிறந்தநாளுக்கு வாசல்வரை வந்து நின்றார். கதவைச் சாத்தியது இவள்தான். மூன்றாவது வருடம் அவர் வரவில்லை. அக்காவை நேரத்துக்குக் கொண்டுவரவில்லை என்ற கோபத்தில் ஆரம்பித்ததுதான் இந்த ஆராய்ச்சியே.

குழந்தை இரண்டாம் வகுப்பு போகிறது. அப்பா ஏன் வருவதில்லை என்று கேட்டால், உன் அம்மாவை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாதவர் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எண் கிடைத்துவிட்டது. இன்னும் அழுத்தவில்லை. மாமா என்று கூப்பிடும் உரிமை மிச்சம் இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவள் இடத்தில் நீங்கள் இருந்தால், அவர் போனை எடுத்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வீர்கள்? அறிவுரை வேண்டாம். அந்த வார்த்தையை மட்டும் கீழே எழுதுங்கள்.