ஆறு மணிக் கூச்சல்

"எங்கேடா இருக்கீங்க ரெண்டு பேரும்? கையில மட்டும் கெடைச்சீங்க, அவ்வளவுதான்."

மாடிப்படியில் அந்தக் குரல் ஏறி வந்ததுமே எதிர்வீட்டுக்குள் பிள்ளைகள் இரண்டும் வீல் என்று அலறின. தடதடவென்று ஓடும் சத்தம். உள்ளறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தையல்காரம்மா கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டார்.

"மணி ஆறு. வந்துட்டா மகராசி."

குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்து அவர் கணவர் தலையைத் தூக்கவில்லை. "அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்கு?"

"உங்களுக்கு எதுதான் எதுக்கு? பச்சப் பிள்ளைங்க கதறுதுங்க, காதுல விழலையா?"

நோய் பரவுகிறது என்று ஊரை மூடி மூன்று வாரம் ஆகிவிட்டது. கடை பூட்டிக் கிடந்ததால் தையல் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். கதவோரம் உட்கார்ந்து தைக்கிறவருக்கு எதிர்வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

பகலெல்லாம் அந்த வீடு கலகலவென்றுதான் இருக்கும். வேன் ஓட்டும் அப்பாவுக்கு இப்போது ஓட்டம் இல்லை. போர்வையில் கூடாரம் கட்டுவார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விடுவார். ஏழு வயசுப் பையன் கண்டக்டர், நாலு வயசுப் பெண் பயணி. "சில்லறை இல்லைன்னா எறங்கிக்கோ" என்று அண்ணன் அதட்டுவதும், தங்கை கெக்கே பிக்கே என்று சிரிப்பதும் இங்கே வரை கேட்கும்.

அம்மாக்காரி வேலையிலிருந்து வருகிற வரைக்கும்தான் அதெல்லாம். ஏதோ சலவைக் கம்பெனியாம். அது மட்டும் மூடவில்லையாம்.

"அங்க எவனோ திட்டியிருப்பான். அந்தக் கோவத்தை இங்க வந்து பிள்ளைங்க மேல கொட்டுறா. அந்த ஆளும் வாயைத் தொறக்குறதில்ல. பொண்டாட்டிக்கு அவ்வளவு பயம்."

"அடிக்கிற சத்தம் ஒருநாளும் கேக்கலையே" என்றார் கணவர்.

"அடிச்சாத்தானா? நாளைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

மறுநாள் ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே தையல்காரம்மா மாடிப்படி உச்சியில் போய் நின்றுகொண்டார்.

அவள் ஏறி வந்தாள். கைப்பிடியைத் தொடாமல், சுவரிலும் சாயாமல், ஒவ்வொரு படியாக. இவரைப் பார்த்ததும் நின்றாள். ஒரு படி கீழே இறங்கினாள்.

"என்ன, இன்னிக்குச் சத்தத்தைக் காணோம்? என்னைப் பாத்ததும் வாய் அடைச்சுப் போச்சா?"

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அப்புறம் பேசலாம்."

"என்னையே மெரட்டுறியா? நீயெல்லாம் ஒரு தாயா? நாள் பூரா சிரிச்சிட்டு இருக்குற பிள்ளைங்க, உன் குரலைக் கேட்டதும் ஓடி ஒளியுதுங்க. வெக்கமா இல்ல? இன்னும் ஒரு தடவை அந்த அலறல் கேட்டுச்சு, நேரா போலீசுக்குத்தான் போவேன்."

அவள் இன்னொரு படி இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குட்டிப் பெண் எட்டிப் பார்த்தாள். அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா..."

"வராதே. கிட்ட வராதே. ஏங்க, பிடிங்க அவளை."

தினமும் கேட்கிற குரல் இல்லை இது. நெஞ்சு நடுங்கிப் போன குரல். பின்னாலேயே நாலு படி இறங்கியவள் கால் தடுமாறி விழப் பார்த்தாள். அப்பா பாய்ந்து வந்து பிள்ளையை அள்ளித் தூக்கிக்கொண்டார். அது உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது.

"பாத்தியாப்பா? பெத்த பிள்ளை ஆசையா ஓடி வருது, இவ விரட்டுறா. நீயும் பாத்துட்டு நிக்கிறியே."

"போதும் நிறுத்துங்கக்கா."

அந்த மனிதர் குரல் உயர்த்தித் தையல்காரம்மா கேட்டதே இல்லை. பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இவளுக்கு வேலை ஆஸ்பத்திரி சலவையில. நோயாளிங்க படுத்த விரிப்பெல்லாம் இவ கையாலதான் போகுது. குளிக்காம பிள்ளைங்களைத் தொடக் கூடாது. சின்னதுக்கு அது எங்க புரியுது? பாத்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கும். சொல்லிப் பாத்தோம், கேக்கல. அதான் பூத விளையாட்டு. பூதம் கத்திக்கிட்டே வரும். குளிச்சு முடிக்கிற வரைக்கும் வெளியே தலை காட்டினா அவுட். இன்னிக்கு நீங்க மறிச்சதுல பூதம் கத்தல. அதான் வெளிய வந்துட்டா."

தையல்காரம்மா அப்போதும் விடவில்லை. "அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? ரெண்டாவது மாடி நர்ஸம்மாவைக் காலி பண்ணச் சொல்லி வீடு வீடாக் கையெழுத்து வாங்கினது நீங்கதானே. எங்களையும் அனுப்பிடுவீங்கன்னு பயந்துபோய் நானும்தான் போட்டேன்."

தையல்காரம்மா மெல்லப் பின்னால் நகர்ந்து, தன் வீட்டு வாசலோரம் ஒதுங்கி வழி விட்டார்.

உள்ளே பிள்ளை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது. படியில் நின்றவள் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள். முதல் தடவை குரல் எழும்பவில்லை. மறுபடி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எங்கேடா இருக்கீங்க ரெண்டு பேரும்? கையில கெடைச்சீங்க, அவ்வளவுதான்."

விசும்பல் சட்டென்று நின்றது. ஒரு வீல். தடதடவென்று ஓட்டம். படாரென்று கதவு.

இரண்டு கதவுகளுக்கு அப்பாலிருந்து கேட்டபோது அது அலறல். இன்று பக்கத்தில் நின்றதில்தான் தெரிந்தது, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.