சோற்றில் கிடந்த மயிர்

மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் குளிசையால் யோகராணிக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்கியது. வாயெல்லாம் புண், வயிற்றைப் பிரட்டுகிறது என்று அவள் சுருண்டு படுத்தால், "மருந்தெண்டா அப்பிடித்தான். பொறுக்கவேணும்" என்பார் புருஷன் நகுலேஸ்வரன். சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் மட்டும் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார்.

ஒருநாள் அவள் லாசால் கடைத்தெருவில் ஒரு சலூனுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தாள்.

"நான் உயிரோட இருக்கேக்க இதென்ன கோலம்?" என்று கத்தினார். அவள் மடங்காத விரல்களால் அகப்பையை இடுக்கிச் சோறு போட்டாள்.

அந்தச் சோற்றிலும் மயிர் கிடந்தது. முழ நீளம், கன்னங்கரேலென்று. அவளுக்கோ எப்போதோ நரைத்துவிட்டது. வீட்டில் வேறு யாருமில்லை. அவர் கடையில் சாப்பாடு எடுத்தார். அதிலும் கிடந்தது.

ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது அவருடைய நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தார். மயிர் தொண்டைக்குள்ளிருந்து வந்தது. இழுக்க இழுக்க வந்து மடியில் சுருண்டது. கண்ணில் நீர் முட்ட மனைவியைப் பார்த்தார்.

"அப்பிடித்தான். பொறுக்கவேணும்" என்று சொல்லிவிட்டு யோகராணி தன் சோற்றைப் பிசைந்தாள். விரல்கள் நன்றாக மடங்கின.