லிஃப்ட் மெக்கானிக்கின் படை

பொம்மைப் போர் மன்றத் தலைவருக்குத் தளபதி என்று பெயர். அலுவலகத்தில் துணை மேலாளர்தான். ஆனால் விரல் உயர ஈய வீரர்களை மேஜையில் நிறுத்திவிட்டால், உலகமே தனக்குச் சல்யூட் அடிக்க வேண்டும் என்று நினைப்பார். ஆடும்போது யாரையும் தன் பக்கம் நிற்க விடமாட்டார். போர்த் திட்டம் கசிந்துவிடுமாம்.

மன்றத்தில் சேர வந்த லிஃப்ட் மெக்கானிக், எதிரே சுவரோரமாக நின்று தன் படையை அடுக்கினார். தளபதி பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"என்னய்யா இது, மூஞ்சிக்கு ஒரே ஒரு கோட்டிங் பெயின்ட்? கண்ணு இல்ல, மீசை இல்ல. என் ஆளுங்க சட்டையில பட்டனை எண்ணலாம், தெரியுமா?"

"நேரம் பத்தல சார்."

"சரி, ஆடுங்க. உங்களைச் சேர்க்கறதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."

பதில் என்னவென்று வேடிக்கை பார்த்த உறுப்பினர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மெக்கானிக்கின் முகம் வாடியது.

பகடையும் அவரைக் கைவிட்டது. நாலாவது சுற்றில் படை சிதற, தோற்று ஓடும் வீரர்களை விதிப்படி ஒவ்வொருவராக முதுகு காட்டித் திருப்பி வைத்தார்.

எல்லோரும் மேஜைமேல் குனிந்தார்கள்.

முதுகுப் பைகளில் ஒட்டுத்துணியின் தையல் தெரிந்தது. காலர்களில் வியர்வை ஊறியிருந்தது. தலைக்கட்டுப் போட்டிருந்த ஒருவனின் முடிச்சில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

"முதுகுலயா இவ்வளவு வேலை?" தளபதியின் குரல் தணிந்திருந்தது.

"பழைய மன்றத்துல நான் ஒரு ஆட்டமும் ஜெயிச்சதில்ல சார். எதிர்ல நிக்கிறவங்க ரொம்ப நேரம் பார்க்கிறது இதைத்தான்."

"தளபதி, உங்க ஆளுங்களையும் கொஞ்சம் திருப்புங்களேன்" என்றார் ஒருவர்.

தளபதி அவசரமாகச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இருபது வருடமாகத் தோற்றே அறியாத அவருடைய படைக்கு முதுகில் பெயின்டே இல்லை.