வட்டம் இல்லாத தட்டு

கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் செல்போனில் படம் எடுத்தேன்.

மருந்து தோய்த்த ஆறு காகித வில்லைகள். எதைச் சுற்றியும் வட்டம் இல்லை. கிருமி ஒவ்வொரு வில்லையின் விளிம்பு வரை வந்து சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது.

படத்தை என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் பதித்தே முட்டி தேய்ந்த மனிதர். உலோக முட்டி வைத்து ஒன்றரை வருடம். அதில் சீழ் பிடித்து ஒரு வருடம்.

பெண்டாட்டி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள் என்ற தைரியம் வேறு. ஒவ்வொரு தடவை சீழ் எடுத்து அனுப்பும்போதும் தட்டின் படம் கேட்பார். கிருமி செத்த இடம் வில்லையைச் சுற்றி வெறும் வட்டமாகத் தெரியும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தேன்.

இதுவரை மூன்று தடவை. மூன்றிலும் நல்ல அகல வட்டங்கள். மருந்து ஏற்றினால் காய்ச்சல் இறங்கும். நிறுத்தினால் பத்தாம் நாள் மறுபடி ஏறும்.

உலோகத்தின் மேல் கிருமிகள் பசையால் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கின்றன, தட்டில் சாவதுபோல் அங்கே சாகாது, முட்டியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். தள்ளிப்போட்டால் ரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டுபோய்விடும் என்றும் சொல்லிவிட்டார்.

வட்டம் இருக்கிறதே, பிறகு எதற்குக் கத்தி என்பார் இவர். பிடித்த பிடியை விடவில்லை. கழற்றினால் மறுபடி நடக்கவே முடியாதோ என்ற பயம். அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

அவரிடமிருந்து போன் வந்தது.

"ஒரு மருந்துக்குக்கூட கேக்கலையா?... சரி. கழட்டச் சொல்லிடு."

நிம்மதியாக இருந்தது. அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அதற்கு அடுத்திருந்த தட்டில்தான் அவருடைய எண் ஒட்டியிருந்தது. ஆறு வில்லைகளைச் சுற்றியும் அகல வட்டங்கள். ஸ்கேல் வைத்து அளந்து, உள்ளது உள்ளபடி டாக்டருக்கு எழுதினேன்.

பிறகு, படம் எடுத்த தட்டின் சீட்டைப் படித்தேன். பெண், வயது இருபத்தாறு.

எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்று அவளுடைய அறிக்கையையும் நான்தான் எழுத வேண்டும். பேனாவை எடுக்கக் கை வரவில்லை.